வலியறிதல்

உயிர்கட்கு இறைவன் உதவிய கருவிகளுள் கால் என்பது ஒன்று. தத்துவம் முப்பத்தாறனுள் தொழிற்கருவிகள் ஐந்து. அவற்றை வாக்கு, பாதம், பாணி, பாயு, உபத்தம் என நூல்கள் வகுத்தோதும். அவ்வைந்தனுள் பாதத்தின் தொழில் நடத்தல். பொருள் தேடி ஓடுதற்கே அக்கருவி தரப்பட்டது என்பார் உலகில் பலர். சைவர்க்கு அதன் பயன் வேறு. திருநாவுக்கரசு சுவாமிகள் திருவங்கமாலையில் தலை முதலாகிய உறுப்புக்களை ஒவ்வொன்றாக எடுத்து அவற்றின் பயனை ஆராய்ந்தருளுமிடத்து, கால்களின் பயன் இறைவன் உறையுந் திருக்கோயிலைச் சூழ்ந்து வருதலே எனக் காட்டியருளினார். அங்ஙனமாயின், கால் நடவாதொழிந்த அடியான் செய்யத்தக்கது யாது? முழங்கால் தேய்ந்து, சத்திர சிகிச்சையாற் செப்பனிடப்பெற்று, மீண்டும் நடை பயிலும் முதியோர் இந்நாளில் ஊர்தோறும் உளராதலின், இவ்வினா ஏட்டளவில் நிற்பதொன்றன்று.

சிவகாசி நகரில் அத்தகைய முதியவர் ஒருவர் உளர். அவ்வூர் தீப்பெட்டிக்கும் வாணவெடிக்கும் அச்சுத்தொழிலுக்கும் பேர்பெற்றது; 2021-ஆம் ஆண்டில் மாநகராட்சியாக உயர்ந்தது. இம்முதியவர் நாற்பது ஆண்டு அச்சகம் ஒன்றில் எந்திரத்தின் அருகே நின்றபடியே பணி செய்தவர். இளமையிலேயே விசேட தீக்கை பெற்று, ஆன்மார்த்த சிவபூசை எழுந்தருளுவித்துக்கொண்டவர். விடியலில் நீராடித் திருநீறணிந்து, தரையில் மரப்பலகையிட்டு அமர்ந்து பூசை முடித்த பின்னரே வாயில் நீர் வைப்பது அவர் வழக்கம். பூசை செய்தன்றி உண்ணேன் என ஆசிரியர் திருமுன் கொண்ட உறுதியினின்றும் முப்பது ஆண்டுகள் அவர் வழுவியதில்லை. ஆடி அமாவாசைதோறும் வத்திராயிருப்பை அடுத்த தாணிப்பாறையினின்றும் சதுரகிரி ஏறிச் சுந்தரமகாலிங்கப் பெருமானை வணங்கி மீளுவதும் அவர்க்கு ஒரு நியமம்.

அறுபதாண்டு கடந்தபின் வலமுழங்கால் நோவத் தொடங்கிற்று. முதலிற் படி இறங்குகையில் நொந்தது. பின்னர்ச் சமநிலத்தும் நொந்தது. இறுதியில் இரவிற் புரண்டு படுக்கையிலும் நொந்தது. தொடையெலும்பின் நுனியும் கணைக்காலெலும்பின் தலையும் ஒன்றோடொன்று உராயாவண்ணம் அவற்றின்மேல் வழுவழுப்பான குருத்தெலும்பு போர்த்திருக்கும். அப்போர்வை தேய்ந்தொழியின் எலும்பும் எலும்புமே உராயும். அவர்க்கு நேர்ந்தது அதுவே. தைலமும் ஒத்தடமும் சில திங்கள் தணிவு தந்தன. பூசைக்கு அமர்ந்தால் எழுதற்கு மனைவியார் கைகொடுக்க வேண்டியதாயிற்று. பின்னர் இருவர் வேண்டியதாயிற்று. மதுரையில் மருத்துவர் ஒருவர் படம் எடுத்துப் பார்த்து, மூட்டை மாற்றுதலே வழி என்றனர்.

மூட்டை மாற்றுதல் என்றவுடன் காலையே வெட்டி வேறு கால் பொருத்துவர் போலும் எனச் சிலர் அஞ்சுவர். அஃது அன்று. தேய்ந்த எலும்பின் நுனிகளை மெல்லியதாகச் செதுக்கி நீக்கித் தொடையெலும்பின் நுனிக்குக் கோபால்ட்டும் குரோமியமும் கலந்த உலோகத்தாலான கவசம் ஒன்றை இடுவர். கீழெலும்பின் தலைமேல் உலோகத்தட்டொன்றைப் பதித்து, இரண்டிற்கும் இடையே வழுவழுப்பான பாலிஎத்திலீன் துண்டினை வைப்பர். தசையும் நரம்பும் தோலும் அவரவருடையனவே. இங்கிலாந்தில் 1968-ஆம் ஆண்டளவில் கன்ஸ்டன் என்பார் செய்த மூட்டும், நியூயார்க்கில் 1974-ஆம் ஆண்டு இன்சாலும் அவருடன் உழைத்தோரும் அமைத்த மூட்டும் இம்முறைக்கு வழிகோலின. அங்ஙனம் உழைத்தோருள் ஒருவர் நம் நாட்டிற் பிறந்த சித்தரஞ்சன் ரணாவத் என்னும் மருத்துவர். இந்தியப் பிரதமராயிருந்த அடல் பிகாரி வாஜ்பாயி அவர்கட்கு 2000-ஆம் ஆண்டில் இடமுழங்காலையும் 2001-ஆம் ஆண்டில் வலமுழங்காலையும் மும்பையில் மாற்றியவர் அவரே. செல்வர்க்கே உரியது என எண்ணப்பட்ட இச்சிகிச்சை, 2017-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் மத்திய அரசினர் செயற்கை மூட்டுக்களின் விலைக்கு வரம்பு கட்டிய பின்னர் எளியோர்க்கும் ஓரளவு எட்டுவதாயிற்று.

ஈண்டுச் சித்தாந்த நூலுணர்ந்தார்க்கு ஒரு செய்தி புலனாகும். பாதம் என்னும் இந்திரியம் வேறு. அஃது இடமாகக் கொண்டு நிற்கும் புறவுறுப்பாகிய கால் வேறு. செவித்துளை பழுதின்றி இருந்தும் கேளாதாரைக் காண்கின்றோம். கால் குறைவற இருந்தும் நடவாதாரையுங் காண்கின்றோம். ஆதலின் இடமாகிய உறுப்பே இந்திரியம் ஆகாது என்பர் ஆசிரியர். மருத்துவர் மாற்றியது இடத்தின் ஒரு கூற்றை மட்டுமே. வீட்டின் தேய்ந்த வாயிற்படியை நீக்கி வேறு படி அமைத்தாற் போல்வது அது. உள்ளிருப்பான் அவனே. உலோகம் உடம்பிற் புகுந்தமையாற் பூசைக்கு உரிமை குன்றுமோ என ஐயுறுவார்க்கு இதுவே விடையாகும்.

சத்திர சிகிச்சைக்கு முன்னாள் மாலை, தம்மோடு ஓராசிரியரிடம் தீக்கை பெற்ற அன்பரை அம்முதியவர் தம் இல்லத்திற்கு அழைத்துப் பூசைச் சம்புடத்தை அவர் கையில் ஒப்புவித்தார். நோயாலும் தீட்டாலும் தாமே பூசை செய்யமாட்டாதார் தம் ஆசிரியரைக் கொண்டேனும் தம்மோடொத்தாரைக் கொண்டேனும் அதனைச் செய்வித்துத் தாம் அகத்தே பூசித்தல் வேண்டும் என்பது முறை. முறை அறிந்தவராயினும் கொடுக்கும்போது அவர் கை நடுங்கிற்று. "அண்ணாச்சி, பெருமானை நான் பார்த்துக்கொள்ளுகிறேன்; தாங்கள் காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார் அன்பர். "பெருமான் என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டுமே" என்று மட்டும் அவர் கூறினார்.

மருத்துவமனையில் மறுநாளே அவரை எழுப்பி நிறுத்தினர். நான்கு கால்களையுடைய நடைச்சட்டத்தைப் பற்றிக்கொண்டு கட்டிலிலிருந்து சன்னல்வரை நடந்தார். இத்துணை எளிதாயின் ஒரு திங்களில் மலையும் ஏறலாம் என்று எண்ணிக் களித்தார். அக்களிப்பு நீடிக்கவில்லை. இயன்முறை மருத்துவம் பயின்ற இளம்பெண் ஒருத்தி வந்து, அவர் முழங்காலின்கீழ்ச் சுருட்டிய துணியொன்றை வைத்து, "ஐயா, துணியைக் காலால் அமுக்குங்கள், தொடைத்தசை இறுகவேண்டும்" என்றாள். அவர் அமுக்கினார், அமுக்கியதாகவே எண்ணினார். தசை சிறிதும் அசைந்திலது. மீண்டும் முயன்றார். நெற்றி வியர்த்தது, பற்கள் ஒன்றையொன்று கடித்தன, தொடை மட்டும் பிறர் தொடைபோற் கிடந்தது.

இதற்குக் காரணம் மருத்துவ நூலார் கூறுவர். மூட்டு வீங்கி நோவுற்றிருக்குங்கால், அம்மூட்டினின்றும் செல்லும் செய்திகள் தொடையின் முன்தசைக்கு வரும் ஏவலைத் தடுத்துவிடும். தசை கெடவில்லை, நரம்பு அறவில்லை, ஆயினும் ஏவல் சென்று சேர்வதில்லை. இச்சிகிச்சைக்குப்பின் முதல் திங்களில் அத்தசையின் ஆற்றல் முன்னிருந்ததிற் பாதியளவோ அதற்கு மேலுமோ குறைந்துவிடுதல் இயல்பு. மூட்டைப் புதுக்குதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் போதும். அதனை இயக்கும் ஆற்றல் மீளுதற்குத் திங்கள் பல வேண்டும்.

அன்றிரவு அம்முதியவர் உறங்கவில்லை. நடக்க வேண்டும் என்னும் விருப்பம் உண்டு. நடக்கும் முறையும் அறிவார். செயல் மட்டும் நிகழவில்லை. இச்சை, ஞானம், கிரியை என உயிர்க்குரிய ஆற்றல் மூன்று என்றும், அவை ஆணவத்தால் மறைப்புண்டு கிடக்கின்றன என்றும், மாயையினின்றும் தோன்றிய கலை, வித்தை, அராகம் என்பன முறையே செயலையும் அறிவையும் விழைவையும் சிறிதே விளக்கி உதவுகின்றன என்றும் பலகாற் படித்தும் பிறர்க்கு உரைத்தும் இருந்தவர் அவர். படித்த அப்பொருள் தம் தொடையிலேயே விளங்கக் கண்டது அவ்விரவில்தான். உயிர்க்கு ஆற்றல் இல்லையென்பதன்று. உள்ள ஆற்றல் உதவுவாரின்றி வெளிப்படாது என்பதே சைவம் கண்ட உண்மை. தன் தொடையைத் தானே இயக்கமாட்டாதான் "யான் செய்தேன்" என்று எவ்வாறு கூறுவான்?

அகப்பூசையும் அவர்க்கு எளிதாக வாய்க்கவில்லை. இதயத்தைப் பூசைத்தானமாகவும், உந்தியை ஓமத்தானமாகவும், புருவநடுவைத் தியானத்தானமாகவும் கொள்ளுமாறு நூல் கூறும். நெஞ்சத் தாமரையில் நிற்க வேண்டிய நினைவோ ஓயாது முழங்காலிற் சென்று நின்றது. இரண்டாம் நாளும் அவ்வாறே கழிந்தது. உணவுத்தட்டு வந்தபோது, "இன்னும் பூசை முடியவில்லை" எனக் கூறி அதனைத் திருப்பியனுப்பினார். மருந்தை வெறுவயிற்றில் உண்ணலாகாது என்று செவிலியர் கடிந்தனர். மனைவியார் அழுதனர். செய்தி சிவகாசிக்கு எட்ட, அன்பர் புறப்பட்டு வந்தார். காலையில் அவர் பொருட்டுப் பூசை முறைப்படி நிறைவேறியதனைச் சொல்லி, நிர்மாலியமாகிய வில்வமொன்றை அவர் கையிற் கொடுத்து, "தங்கள் பூசை முடிந்தது, இனி உண்ணாமை நோன்பாகாது, பிடிவாதமாகும்" என்றார். முதியவர் அவ்வில்வத்தைக் கண்களில் ஒற்றிக்கொண்டு உண்டார். அன்று முதல் நினைவு காலுக்குச் செல்லுந்தோறும் அதனைத் தடுக்க முயலாது, அக்காலின்கண்ணே ஐந்தெழுத்தை ஓதிக்கொண்டு தசையை இறுக்கப் பயின்றார். ஐந்தாம் நாள் தொடையின்மேல் மெல்லியதொரு துடிப்புத் தோன்றிற்று. இளம்பெண் அதனைக் கையால் தொட்டுப் பார்த்து, "வந்துவிட்டது, ஐயா!" என்று நகைத்தாள்.

வலி என்னுஞ் சொல் செந்தமிழில் வன்மையைக் குறிக்கும். வள்ளுவனார் வகுத்த வலியறிதல் என்னும் அதிகாரம் வன்மையை அறிதல் பற்றியதே. உலக வழக்கில் இன்று அச்சொல் நோவையே குறிக்கின்றது. பொருள் திரிந்தது என இலக்கணமுடையார் கூறுவர். முழங்காலிற் கத்திபட்டவர்க்கோ இரண்டு பொருளும் ஒருங்கே நிற்கும். மடக்குந்தோறும் வலி, மடக்கினாலன்றி வலி இல்லை. நோவுக்கு அஞ்சி அசையாது கிடந்தால் மூட்டு இறுகிப்போம். நோவைப் பொருட்படுத்தாது அளவின்றி முயன்றால் வீக்கம் மிக்குத் தசை மீண்டும் ஏவல் கேளாதொழியும். ஆதலின் நாடோறும் அளவறிந்து பயிலுதலே வழி. கட்டிலில் இருந்து குதிங்காலை மேலிழுத்து முழங்காலை மடக்குதல், நீட்டிய காலை நேரே உயர்த்துதல், கணுக்காலை மேலுங் கீழும் அசைத்துக் குருதி உறையாவண்ணம் காத்தல், நாற்காலியினின்றும் கையூன்றாது எழுதல் என இவை சிறுபிள்ளை விளையாட்டுப் போலத் தோன்றும். இவற்றைச் செய்வார்க்கே இவற்றின் அருமை தெரியும். சமநிலத்தில் நடத்தற்கு முழங்கால் எழுபது பாகை அளவு மடங்கினாற் போதும். நாற்காலியில் நன்கு அமர்தற்குத் தொண்ணூறு பாகை வேண்டும். தரையிற் சம்மணமிடுதற்கோ அதனினும் மிக மடங்கவேண்டும். உடன் பக்கவாட்டில் முறுக்கும் நேரும். ஆதலின் மருத்துவர் பலர் அதனையும் குந்தியிருத்தலையும் வேண்டாவென விலக்குவர்.

வீடு திரும்பியபின் அவர்க்கு இரண்டு இடர்கள் நேர்ந்தன. ஒன்று ஊன்றுகோல், மற்றொன்று நாற்காலி.

மூன்றாம் வாரத்தில் நடைச்சட்டத்தை விடுத்துக் கோல் கொள்ளலாம் என்றனர். அவர் வலக்கையிற் கோலை ஏந்தினார். "இடக்கையிற் பிடியுங்கள், ஐயா" என்றாள் அவ்விளம்பெண். "நோவது வலக்கால், கோல் இடக்கையிலா, அம்மா?" என்று அவர் வினவினார். நடக்குங்கால் வலக்காலுடன் இடக்கையே முன்செல்வது இயற்கை என்றும், எதிர்ப்பக்கத்தில் ஊன்றிய கோலே நோயுற்ற மூட்டின் சுமையைத் தாங்கும் என்றும், நோயுள்ள பக்கத்திலேயே ஊன்றினால் உடம்பு அப்பக்கமே சாய்ந்து மூட்டுக்குத் துன்பம் மிகும் என்றும் அவள் விளக்கினாள். படியேறும்போது நல்ல கால் முன்னும், இறங்கும்போது நோயுற்ற கால் முன்னும் செல்லவேண்டும் என்றும் கற்பித்தாள். ஆயினும் வீட்டிற்குள் கோலூன்றியவர் தெருவிற்கு அதனைக் கொண்டு செல்ல நாணினார். தம்மோடு மலையேறியவர் காண்பரே என்பது அவர் உள்ளக் கிடக்கை. கோலின்றி நடக்குங் காலம் வரட்டும், அதன்பின் கோயிலுக்குச் செல்வேன் என்று உரைத்து வீட்டிலேயே இருந்துவிட்டார்.

நம்பியாரூரர் வரலாறு இவ்விடத்து நினைக்கத்தக்கது. திருவொற்றியூரிற் சங்கிலியாரைப் பிரியேன் எனச் சூளுரைத்துப் பின் அவ்வெல்லை கடந்த அளவில் அவர் இரு கண்ணுமிழந்தார். திருவெண்பாக்கத்தில் இறைவனை இரந்தபோது, அருளப்பெற்றது கண்ணன்று, ஓர் ஊன்றுகோலே. அத்தலத்துக்கு இறைவன் ஊன்றீசுவரர் எனப் பெயர் வழங்குகின்றது; பூண்டி நீர்த்தேக்கம் எழுந்தபின் அக்கோயில் பூண்டியில் உளது. சினந்து எறிந்த கோலால் நந்தியின் கொம்பு ஒடிந்தது எனத் தலவரலாறு கூறும். ஆயினும் அக்கோலை ஊன்றியே தம்பிரான் தோழர் காஞ்சியை அடைந்தார். ஆங்கு இடக்கண் கிடைத்தது. திருத்துருத்தியிற் குளத்தில் நீராட உடற்பிணி நீங்கிற்று. திருவாரூரை அடைந்தபோதே வலக்கண் கிடைத்தது. கண்ணைப் பறித்த ஒரு நொடியிலேயே இரண்டு கண்ணையும் அளித்தல் இறைவனுக்கு அரிதன்று. கோல், ஒரு கண், உடல்நலம், மற்றைக் கண் எனப் படிப்படியாக அளித்தமையின் கருத்து யாதெனின், ஒவ்வொரு படியிலும் அடுத்த தலத்தை நோக்கி அவரை நடக்கச் செய்தமையேயாம். வெண்பாக்கத்திலேயே கோலை நாணி அமர்ந்திருப்பின் காஞ்சி ஏது? ஆரூர் ஏது? கண் கிடைத்தபின் வருவேன் என்று அவர் இருந்திலர். கோலுங் கையுமாகச் சென்றமையாற் கண் கிடைத்தது. கோலைக் குறையாகக் கருதுவார் அதனைத் தந்தது யார் என்று எண்ணுவாராக.

நாற்காலியைப் பற்றிய இடர் இதனினும் பெரிது. தரையில் அமராது, காலைத் தொங்கவிட்டுப் பூசை செய்தல் தகுமோ என்னும் அச்சம் அவரை அலைத்தது. அன்பரின் பூசையிலேயே தம் பெருமான் இன்னும் எழுந்தருளியிருந்தமையால், பிள்ளையைப் பிறர் வீட்டில் விட்டவர் போல் அவர் வாடினார். அன்பரே அவர் கூற்றை எழுதி ஆசிரியர்க்கு விடுத்தார். ஆசிரியர் விடையின் சாரம் இதுவாகும்: ஆசனம் எனப்படுவது உடம்பு அசைவின்றி இனிதிருத்தற் பொருட்டு வகுக்கப்பட்டது. எவ்விருக்கையில் உடம்பு நோவின்றி நிலைபெறுமோ அதுவே நோயுற்றார்க்கு ஆசனம். மரத்தாலாகிய இருக்கையிற் பலகையிட்டு அமர்க. பெருமான் பீடத்தை இருக்கையினும் தாழாவண்ணம் உயர்ந்த மேடையில் அமைக்க. காலைக் கீழே சிறு பலகைமேல் ஊன்றி ஆடையால் மூடிக்கொள்க. வீழ்ந்து வணங்கமாட்டாமைக்கு வருந்தற்க. எட்டுறுப்பும் நிலந்தோய வணங்குதலும், தலை, இரு கை, இரு முழந்தாள் என ஐந்துறுப்புத் தோய வணங்குதலும் ஒருபுறமிருக்க, தலைமேல் இருகையுங் குவித்து வணங்கும் மூன்றுறுப்பு வணக்கமும் நூலோர் வகுத்ததே. நோயில்லாதான் அதனோடு நிற்பது சோம்பல். நோயுற்றான் அதனைச் செய்வது நிறைவு. உடம்பால் இயலாததை உள்ளம் செய்க. திருமயிலையில் வாயிலார் நாயனாரும், திருநின்றவூரிற் பூசலார் நாயனாரும் உள்ளத்தாற் செய்தவற்றை இறைவன் ஏற்றருளியமை அறிந்ததன்றோ?

அவ்வோலையை அவர் மும்முறை படித்தார். மறுநாள் தச்சர் வந்து மேடை அமைத்தார். நற்பொழுதில் அன்பர் சம்புடத்தைக் கொணர்ந்து ஒப்புவித்தார். ஐம்பத்திரண்டு நாட்கள் கழிந்தபின் அவர் கை பெருமான் திருமேனிக்கு நீராட்டியது.

இனி, மலையேறுதல் என்னும் வேட்கை ஒன்று எஞ்சி நின்றது. சதுரகிரியின் பாதை கல்லும் பாறையும் ஏற்றமும் இறக்கமும் உடையது. அதனைப் புதுமூட்டுடன் ஏறற்க என்று மருத்துவர் கூறியிருந்தனர். ஆடி அமாவாசை வந்தது. தெருவழியே திருக்கூட்டம் கூட்டமாக அன்பர்கள் தாணிப்பாறைக்குச் செல்வதைத் திண்ணையிலிருந்து அவர் கண்டார். கண்கள் கலங்கின.

கயிலை காணப் புறப்பட்ட நாவரசர் கால் பரடு தேயவும், கை மணிக்கட்டுத் தேயவும், மார்பு தேயவும் ஊர்ந்தும் புரண்டும் சென்றார். முனிவராய் எதிர்வந்த இறைவன் மீள்க என்றும் அவர் மீண்டிலர். அப்போது தேய்ந்த உறுப்புக்கள் யாவும் குறைதீர்ந்து நலம்பெற எழச்செய்தருளினான் இறைவன். உறுப்பு நலம்பெற்றபின் கயிலைக்கே செல்க என விடுத்தானோ எனின், இல்லை. அங்குள்ள பொய்கையில் மூழ்குக எனப் பணித்தான். மூழ்கியவர் எழுந்தது திருவையாற்றுக் குளத்தில். கயிலைக் காட்சி ஆங்கே கிடைத்தது. காலை மீட்டுக் கொடுத்தவன், தான் காட்டும் இடத்திற்குச் செல்லுதற்கே அதனைக் கொடுத்தான் என்பது இதனாற் பெறப்படும். பழைய கால் சென்ற வழியிலேயே புதிய காலும் செல்லவேண்டும் என விழைதல் நம் விருப்பமேயன்றி அவன் ஆணையன்று.

சிவகாசியின் பெயர்க்காரணமும் இதனையே உணர்த்தும். தென்காசியில் அரசு செலுத்திய பராக்கிரம பாண்டியன் வடகாசியினின்றும் சிவலிங்கம் கொணர்ந்தபோது, அதனைச் சுமந்து வந்த பசு இவ்விடத்தில் நின்றுவிட்டது. எவ்வாறு தூண்டியும் ஓரடியும் நடந்திலது. அரசன் இறைவன் திருவுள்ளம் அதுவெனத் தெளிந்து இங்கேயே இலிங்கத்தை நிறுவினான் என்பது தலவரலாறு. பசு தன் நடையைத் தொடர்ந்திருப்பின் இங்கு விசுவநாதர் இல்லை, விசாலாட்சி இல்லை, சிவகாசி என்னும் பெயரும் இல்லை. நடை நின்ற இடமே காசியாயிற்று.

அன்று மாலை அம்முதியவர் ஊன்றுகோலை இடக்கையிற் கொண்டு தெருவில் இறங்கினார். கண்டோர் நலம் வினவினர். எள்ளுவார் ஒருவரும் இலர். விசுவநாதர் திருக்கோயிலை ஒருமுறை வலம்வந்தார். முன்னர்க் கால்நாழிகையில் மூன்று சுற்றும் முடிப்பவர்க்கு அவ்வொரு சுற்றே ஒரு நாழிகைக்கு மேலாயிற்று. ஆயினும் விரைந்து நடந்த நாட்களில் அவர் நின்று வணங்காத திருமேனிகளெல்லாம் அன்று வணங்கப்பெற்றன. இளைப்பாற நிற்குமிடந்தோறும் ஒரு மூர்த்தம் இருந்தது. திருமுன்னர்த் தலைமேற் கைகுவித்து நின்றார்.

மதுரை வெள்ளியம்பலத்தில் இறைவன் கால்மாறி ஆடிய திருவிளையாடல் யாவரும் அறிந்தது. கூத்தநூல் பயின்ற இராசசேகர பாண்டியன், பயிற்சியால் தன் கால் நொந்தபோதே, ஊன்றிய திருவடியை மாற்றாது ஆடும் பெருமானுக்கு எத்துணை வருத்தமோ எனக் கசிந்து, கால்மாறி ஆடுமாறு வேண்டினான். தன் நோவு அவனை இறைவன் திருவடியை நினைக்கச் செய்தது. நோவு யாவர்க்கும் உளது. அதனால் தன்னையே நினைந்து வருந்துவார் பலர். திருவடியை நினைந்து உருகுவார் சிலர். முழங்கால் நோயுற்ற அன்பர்கள் பாண்டியனைப் பின்பற்றுவாராக.

அங்ஙனம் நினைதல் முயற்சியைக் கைவிடுதற்குக் காரணமாகாது. இறையருள் உண்டாயின் கால் தானே நடக்கும் என்று சோம்பியிருத்தல் சைவநெறியன்று. ஆசிரியர் ஒரு நொடியில் தீக்கை அளிப்பர். சரியை முதலிய நோன்புகளை நாடோறும் ஆற்றுதல் மாணாக்கன் கடன். மருத்துவர் ஒருநாளில் மூட்டினைப் பொருத்துவர். நாடோறும் அதனைப் பயிற்றுதல் நோயாளன் கடன். செய்யும் வினையின் வலியும், செய்வான் வலியும், பகையின் வலியும், துணையின் வலியும் ஆராய்ந்தே ஒருவன் முயலவேண்டும் என்பது வலியறிதலிற் கண்ட முறை. அம்முறையை உடற்பயிற்சிக்கும் கொள்ளலாம், வீட்டுநெறிக்கும் கொள்ளலாம். வீட்டுநெறியிற் பகை ஆணவம், துணை திருவருள். துணையின் வலியை அறிந்தார்க்குத் தன்வலியின் சிறுமை அச்சந்தாராது.

சிகிச்சை முடிந்து ஓராண்டு நிறைந்தது. அம்முதியவர் இப்போது கோலின்றியும் நடக்கவல்லர். ஆயினும் கோயிலுக்குச் செல்லுங்கால் அதனை உடன் கொண்டே செல்கின்றார். படியிறங்க மாட்டாது நிற்கும் முதியோர் எவரேனும் ஆங்கிருப்பின் அதனை அவர்க்குக் கொடுத்து, எந்தக் கையிற் பிடிக்கவேண்டும் என்பதையும் சொல்லித் தருகின்றார்.

திருச்சிற்றம்பலம்.